மூச்சு முடிகிறவன் பகிடி விடலாமா?

மகனே,

இணுவில் மேற்கின் முடிசூடாத சக்கரவர்த்தியும், எட்டுப் பரப்பு வெங்காயத் தோட்டத்தின் ஏக அதிபதியும், வலிகாமத்துச் செத்தவீட்டு வாசல்களின் நிரந்தரப் பகிடி மந்திரியுமான உன் தகப்பன், நல்ல மனநிலையில் இல்லாமல் எழுதுவது. நீ அனுப்பிய படத்தை நேற்றுப் பின்னேரம் பார்த்தேன். விண்வெளியில் தனியே அகப்பட்டுக்கொண்ட ஒருவனின் படம். "கட்டாயம் பாருங்கோ அப்பா, உவன் அப்பிடியே உங்களைப் போல" என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்தபோது பெருமையில் என் நெஞ்சு விரிந்து சட்டைத் தெறி ஒன்று பறந்துபோய் முருங்கை மரத்தில் பட்டது. படத்தைப் பார்க்கப் பார்க்க வந்த குமட்டலைக் குழாய் போட்டுத் திருப்பி விட்டிருந்தால், காங்கேசன்துறையில் கடல் பொங்கி இந்தியாக் கப்பல் சுன்னாகம் சந்தை வரைக்கும் வந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

இதை உனக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாது. நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் நீ ஒரு பகிடியை எடுத்து அதன் வாயில் அடைத்துவிடுகிறாய். அம்மா போன நாளில் இருந்து இதுதான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுப்பாய், சிரிக்க வைப்பாய், வைத்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவில் உன்னால் கதைக்க முடியாது. ஆகையால் இருந்து வாசி. வருகிற கிழமை அம்மாவின் முதலாவது ஆண்டுத் திவசம். உன் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. கனடாவை விட்டு வெளிக்கிட்டால் உன்னால் திரும்பிப் போக முடியாது. ஆகவே போன வருடம் செத்தவீட்டுக்கு வந்தது போல இந்த முறையும் நீ கையில் ஏந்துகிற டப்புத் திரையில்தான் வருவாய். அது விதி. ஆனால் அதில் வந்து ஒரு புதுப் பகிடி சொல்லப் போவதாக என் வாசல் கூட்டாளி செல்லத்துரை அண்ணைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். அது விதி இல்லை. அதை நிறுத்துவதற்குத்தான் சக்கரவர்த்தி பேனை எடுத்தார்.

முதலில் அந்தப் படத்துக்கு வருகிறேன். அம்மாவின் தங்கை, உன் சின்னம்மா, மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்தவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். அவளுடைய மகள் படத்தைத் தொலைக்காட்சியில் பூட்டிப் போட்டுத் தந்தாள். ஏதோ ஒரு பனி உறைந்த சந்திரனில் இரண்டு பேர் போன கலம் விழுந்து கிடக்கிறது. ஒருவன் விழுந்த இடத்திலேயே செத்துப்போனான். மற்றவன் கதிரையில் அகப்பட்டுக் கிடக்கிறான். காற்று குறைந்துகொண்டே போகிறது. இதுவரைக்கும் சரி. நானும் முன்னுக்குச் சரிந்து இருந்தேன். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடவேயில்லை. குழாயில் இருந்த பசையைச் சாப்பிட்டுவிட்டு அது எந்தக் கடைச் சாப்பாடு என்று பகிடி. கரகரக்கிற ரேடியோவுக்குத் தொப்பி போட்டுவிட்டு அதனோடு பகிடி. எல்லாவற்றையும் ஒரு கமராவைப் பார்த்துச் சொல்லுகிறான். சின்னம்மா விஞ்ஞானம் படித்தவள் இல்லை. ஆனால் கேட்டாள்:

"அத்தான், உவனுக்குக் காத்து முடியுதெண்டு இப்பதானே சொன்னவை?"

"ஓம்."

"பிறகேன் உவன் கதைச்சுக் கதைச்சுக் காத்தை முடிக்கிறான்?"

இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லக்கூடிய விஞ்ஞானி உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. அப்படியொருவன் பிறந்திருந்தாலும் அந்தப் படம் எடுத்தவர்கள் அவனை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் எனக்கு அருவருப்பு வந்தது அதனாலல்ல. செத்துப்போன கூட்டாளியின் கதிரை பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. உவன் தன் காலைத் தூக்கி அந்தக் கதிரையில் போட்டுக்கொண்டு, "இப்பதான் கால் நீட்ட இடம் கிடைச்சது" என்று கமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். மகனே, நான் வெங்காயத்துக்கு உரம் போடுகிறவன். அழுகல் எனக்குப் புதிதில்லை. மாரியில் மாட்டுக் கொட்டிலை வெறுங்கையால் வழித்தவன். அப்படிப்பட்ட எனக்கே அரியண்டமாக இருந்தது. எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால், கீழே கருத்து எழுதியவர்கள் எல்லாரும் "என்ன மனத்துணிவு, என்ன மனத்துணிவு" என்று உருகிக் கிடக்கிறார்கள். வரிக்கு வரி இருதயப் படம் வேறு. கால் நீட்டினதற்கு இருதயமா? உவ்வே.

நீ சொல்லப் போவது எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னம் இதே நியாயத்தைக் குரல் பதிவாக அனுப்பினாய். "அப்பா, பகிடி விட்டாத்தான் ஒருத்தன் தப்புவான். அழத் தொடங்கினா அண்டைக்கே முடிஞ்சுபோம். நீங்களும் பங்கருக்குள்ளை இருந்து பகிடி விட்டனீங்கள்தானே?" என்று கேட்டாய். கேட்டது நியாயம். விட்டேன். நீ அப்போது அரைக் காற்சட்டையும் மூக்குச் சளியுமாக அந்தப் பதுங்குகுழிக்குள் அம்மாவின் மடியில் குந்தியிருப்பாய். மேலே ஷெல் கூவிக்கொண்டு போகும். "பயப்பிடாதை ராசா, உது எங்கடை இல்லை. எங்களுக்கு வாறது பதிவுத் தபாலிலைதான் வரும். கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கோணும்" என்பேன். நீ சிரிப்பாய். அம்மா என் தொடையில் கிள்ளுவாள். அந்தக் கிள்ளின் தழும்புகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு சேலை வரும்.

ஆனால் மகனே, அந்தப் பகிடியை நான் யாருக்கு விட்டேன்? உனக்கு. நீ நடுங்கினாய்; உன் நடுக்கத்துக்கு நான் விட்டேன். பங்கருக்குள் ஒருவன் பயந்து அழுதபடியால்தான் மற்றவனுடைய பகிடிக்கு ஒரு வேலை இருந்தது. என் தொழில் ரகசியத்தை இப்போது சொல்கிறேன், கவனமாகக் கேள். இந்தத் தீபகற்பத்தில் உன் தகப்பன் போகாத செத்தவீடு இல்லை. "அவர் ஊரிலை நிக்கிறாரோ எண்டு பாத்துப்போட்டுச் சாவம்" என்று இழுத்துக்கொண்டு கிடந்தவர்கள் உண்டு. செத்தவீட்டில் இரண்டு இடம் இருக்கிறது. உள்ளே ஒன்று, வாசலில் ஒன்று. உள்ளே இருப்பது வீட்டுக்காரர்; அவர்களுக்குத்தான் அது நடந்தது. வாசலில் பந்தலுக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பவர்கள் நாங்கள். வெற்றிலைத் தட்டமும் தேத்தண்ணியும் வரும். பகிடியும் வரும். வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு அது விளங்காது. "சவம் உள்ளுக்கை கிடக்குது, இவை வெளியிலை சிரிக்கினம்" என்று முகத்தைச் சுழிப்பார்கள். சுழிக்கட்டும். நாங்கள் சிரிக்காவிட்டால் அந்த வீட்டு வாசலில் ஒருவனும் பொழுதுபட இருக்கமாட்டான். ஒருவனும் இல்லாத வாசலைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருப்பவர்கள் எப்படி அழுவார்கள்? வாசலில் சிரிப்பது எங்கள் கடமை. உள்ளே அழுவது அவர்களுடைய உரிமை. ஒருவருக்கொருவர் இடம் மாறுவதில்லை. இதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மாறினால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

காங்கேசன்துறைப் பக்கம் ஒரு வாத்தியார் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய மனிசி செத்துப்போனா. எரித்து முடிந்தும் அந்த மனிசன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்களை வரவேற்கிறார், கதிரை எண்ணுகிறார், தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ என்று கேட்கிறார். பெட்டைகள் இரண்டும் தகப்பனைப் பார்த்துப் பயந்துபோய் நிற்கிறார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் அவர் வந்து எங்களோடு பந்தலில் இருந்தார். நான் அப்போது கொடிகாமத்துச் செல்லத்துரை அண்ணையின் கதையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியும்தானே, சந்தையில் கத்தரிக்காய் மொத்தமாக எடுத்து விற்கிறவர், என்னோடு சேர்ந்து வாசல் காப்பவர். அந்த மனிசன் ஒருமுறை பிழையான செத்தவீட்டுக்குப் போய்விட்டார். போய்ச் சவத்தின் காலடியில் விழுந்து குழறி அழுது, வந்தவர்களையும் குழற வைத்து, சோடாவும் குடித்து, வெளிக்கிடும்போதுதான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்திருக்கிறார். ஆளை ஒருநாளும் கண்டதில்லை. "எட அண்ணை, சவத்தின்ரை முகத்தைப் பாக்கேல்லையோ?" என்று நான் கேட்க, "பாத்தனான் தம்பி. அதுக்குள்ளை குழறத் தொடங்கியிட்டன். இடையிலை நிப்பாட்டினா மரியாதை இல்லை" என்றார். இதைச் சொன்னதும் வாத்தியாருடைய கதிரை ஆடியது. சிரித்தார். தலையைப் பின்னுக்குப் போட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவழியில் உடைந்தது. பிறகு அந்த மனிசன் அழுத அழுகையில் பந்தல் தடிகள் எல்லாம் முளைவிட்டுத் தளிர்த்திருக்க வேண்டும். செல்லத்துரை அண்ணை அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். பெட்டைகள் வாசலுக்கு ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாங்களும் அழுதார்கள். அதுதான் என் தொழில். பகிடி விடுவது சிரிக்க வைப்பதற்கு அல்ல, மகனே.

இப்போது அந்தப் படத்தைத் திரும்பப் பார். பூமியில் ஒரு பெரிய மண்டபம். அதில் நூறு கணினி, நூறு ஆட்கள். எல்லாரும் பாவற்காய் தின்ற முகத்தோடு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். காற்று முடிகிறவன் தனியே கிடந்து அவர்களைச் சிரிக்க வைக்கிறான். இடம் மாறிப்போச்சு! வீட்டுக்காரன் வாசலில் நின்று பகிடி விடுகிறான். வாசலில் இருக்க வேண்டியவர்கள் உள்ளே போய்ப் பாயைப் போட்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அத்தனை படிப்புப் படித்த மண்டபத்தில் ஒரு சனியனுக்காவது ஒரு பகிடி வரவில்லையா? ஒருவனாவது ஒலிவாங்கியைப் பிடித்து, "தம்பி, நீ கதைக்காதை. காத்தைச் சேமி. அழ வேணுமெண்டால் அழு. நாங்கள் இருக்கிறம். நான் ஒரு கதை சொல்லுறன் கேள்" என்று சொன்னானா? செல்லத்துரை அண்ணையை அந்த மண்டபத்தில் இருத்தியிருந்தால் அரை மணித்தியாலத்தில் அவனை அழப்பண்ணி, நித்திரையாக்கி, காற்றை மிச்சம் பிடித்து, கலத்தையும் பூமியில் இறக்கிக் கத்தரிக்காயும் விற்றிருப்பார். ஆகவே, விண்வெளியில் தனித்துக் கிடப்பவனுக்குப் பகிடி பொருந்துமா என்று நீ என்னிடம் கேட்டால், பொருந்தும். அவனுக்கு மற்றவன் சொல்ல வேண்டும். அவனே சொல்லக்கூடாது.

அவனே சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் எல்லாரும் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் செல்லத்துரை அண்ணையின் கொட்டிலில் இருந்த நாட்களில், கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவிடுவதற்காக நான் தனியே இணுவிலுக்குத் திரும்பி வந்தேன். ஊரில் ஒரு குஞ்சும் இல்லை. மாட்டை அவிழ்த்துவிட்ட கையோடு ஷெல் விழத் தொடங்கியது. பங்கருக்குள் பாய்ந்தேன். உள்ளே மண்மூட்டையின் மேல் ஒரு தேரை இருந்தது. நல்ல பெரிய தேரை; எங்கள் ஊர் விதானையாரைப் போலக் கன்னத்தை ஊதிக்கொண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பகிடி வந்தது. என் வாழ்நாளில் வந்த பகிடிகளுக்குள் அதுதான் மகுடம். வாய்விட்டுச் சொன்னேன். தேரை சிரிக்கவில்லை. என்னுடைய குரல் மண்மூட்டையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வந்த பயம் ஷெல்லுக்கு வரவில்லை. அது என் குரல் மாதிரியே இல்லை. யாரோ ஒருவன் இருட்டுக்குள் இருந்து என்னைப்போல நடிப்பது போல இருந்தது. சக்கரவர்த்தி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு, உன் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். மாடு கூட ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கும்.

அன்று சைக்கிளில் கொடிகாமம் வந்து சேர்ந்தபோது அம்மா கொட்டில் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, மாடு?"

"அவிட்டு விட்டிட்டன்."

"உங்கடை முகம் என்ன உப்பிடிக் கிடக்குது?"

"பயந்துபோனன்."

அவ்வளவுதான் சொன்னேன்.  அவள் சுளகை வைத்துவிட்டு பால் விடாமல் ஒரு பிளேன்ரி ஊற்றி, பனங்கட்டித் துண்டும் தந்தாள். நான் குந்தியிருந்து அழுதேன். முடியும்வரைக்கும் அவள் பக்கத்தில் இருந்து அரிசி புடைத்தாள். முடிந்த பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அழுதாப் பிறகு வடிவாத்தான் இருக்கிறியள். கலியாணத்தண்டு இந்த முகத்தோடை வந்திருந்தா என்ரை ஐயா இன்னும் ரெண்டு பரப்புக் காணி கூடத் தந்திருப்பார்" என்றாள். நான் சிரித்தேன். மகனே, அன்றைக்கு அவள் வாசலில் இருந்தாள், நான் உள்ளே இருந்தேன். எங்கள் சீவியம் முழுக்க அந்த இரண்டு இடத்தையும் நாங்கள் மாறி மாறித்தான் வைத்திருந்தோம். நீ அப்போது மூட்டைக்குப் பக்கத்தில் நித்திரை. நீ பார்த்தது எல்லாம் பகிடி விடுகிற தகப்பனை மட்டும்தான். என் பாதியைத்தான் பார்த்தாய். அந்தப் பாதியைத்தான் உன்னோடு விமானத்தில் ஏற்றிக்கொண்டும் போனாய்.

போய், ஒரு உறைகுளிர்ப் பண்டகசாலையில் வேலை எடுத்து, தலையில் இருந்து கால்வரை மூடிய தடித்த உடுப்போடும் கையுறையோடும் நின்று ஒரு படம் அனுப்பினாய். கீழே, "சந்திரனில் இறங்கிய முதலாவது இணுவிலான்" என்று எழுதியிருந்தாய். சின்னம்மா அதை ஒழுங்கை முழுக்கக் கொண்டு திரிந்து காட்டினாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு உன் அம்மா மட்டும் அந்தப் படத்தை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். "உந்தக் கண்ணாடிக்குப் பின்னாலை பிள்ளையின்ரை கண் தெரியேல்லை" என்றாள். நான் அதற்கும் ஒரு பகிடி சொன்னேன்.

பிறகு அம்மா போனாள். நீ வர முடியவில்லை. ஒரே பிள்ளை வைக்க வேண்டிய கொள்ளியை உனக்குப் பதிலாக நான் வைத்தேன். சுடலையில் நான் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுகிறேன். செல்லத்துரை அண்ணை உன்னை டப்பில் ஏந்திக்கொண்டு, வெயில் பட்டால் முகம் தெரியாது என்று உனக்குக் குடை பிடித்துக்கொண்டு என் பின்னால் வருகிறார். செத்தது அம்மா, குடை உனக்கு. மூன்றாம் சுற்று முடிகிற இடத்தில் குடத்தைப் போட்டு உடைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து டப்புக்குள் இருந்து உன் குரல் கேட்டது: "அப்பா, குடத்தை உடைச்சுப் போடாதேங்கோ, அம்மா ஏசுவா!"

என் சீவியத்தில் நான் உடைத்த பீங்கான்களுக்கும் பானைகளுக்கும் உன் அம்மா ஏசிய ஏச்சு ஊருக்கே தெரியும். சுடலை முழுக்கச் சிரித்தது. ஐயர் சிரித்தார். கொள்ளி பிடித்துக் கொடுத்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன்; குடத்துத் தண்ணீர் என் முதுகெல்லாம் ஓடியது. "தேப்பனைப் போலவே பிள்ளை" என்று ஆளுக்காள் சொன்னார்கள். அது நல்ல பகிடி, மகனே. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் விட்ட எல்லாப் பகிடியையும் சேர்த்துக் கட்டினாலும் அதன் காலடிக்கு வராது. குடத்தை உடைத்துவிட்டு நான் திரும்பிப் பார்த்தபோது உன் படம் உறைந்து நின்றது. செல்லத்துரை அண்ணை டப்பைப் புடலங்காய் உதறுவது போல உதறினார். அசையவில்லை. வாய் சிரித்தபடி நிற்கிறது. மேசையில் உன் கை மற்றக் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விரல் மொளிகள் வெளுத்துப்போய் இருக்கின்றன. பகிடி விடுகிறவனுடைய கை அப்படி இருக்காது. விரிந்துதான் இருக்கும். நான் தொழில்காரன், எனக்குத் தெரியும். பிறகு படம் அசைந்தது. "சரி அப்பா, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாய். அன்று தொடங்கி இன்றுவரை நீ என்னிடம் "அம்மா" என்ற சொல்லைச் சொல்லவில்லை.

நேற்று அந்தப் படத்தில் ஒரு இடம் வந்தது. உவனுக்குத் தாயோடு கதைக்கக் கடைசியாக ஒரு வாய்ப்பு. தாய் குசினியில் நின்று ஒலிவாங்கியை இறுகப் பிடித்திருக்கிறாள். உவன் சொல்கிறான், "சாப்பாட்டை மூடி வையுங்கோ, வரக் கொஞ்சம் பிந்தும்." தாய் சிரிக்கிறாள். படம் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் உருகியிருப்பார்கள். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். சின்னம்மா பின்னாலேயே வந்தாள்.

"அத்தான், உது படம்."

"ஓம், படம்தான்."

"பிறகேன் கண்ணைத் துடைக்கிறியள்?"

"வெங்காயம்."

"வெங்காயம் இன்னும் கிண்டவே இல்லையே!"

பிறகு அவளும் துலாக்காலில் சாய்ந்துகொண்டு, "உவனை வெளியிலை எடுக்கினமோ இல்லையோ தெரியாது. எங்கடை பிள்ளையை ஆர் எடுக்கிறது?" என்றாள். படத்தில் உவனை எடுத்துவிட்டார்கள் என்று அவளுடைய மகள் சொன்னாள். எடுத்த இடத்திலும் ஒரு பகிடி விட்டானாம். நாசமாய்ப் போக.

செல்லத்துரை அண்ணை கொடிகாமத்தில் இருந்து இரண்டு முறை எடுத்துக் கேட்டுவிட்டார், "எட தம்பி, திவசத்துக்குப் பிள்ளை திரையிலை வாறானாம், என்ன பகிடியாம்?" என்று. ஒழுங்கையில் மூன்று வீட்டுக்காரர் கேட்டார்கள். உன் அம்மாவின் திவசத்துக்கு ஆட்கள் கூத்துப் பார்க்க வருவது போல வரப் போகிறார்கள். அதை நினைக்க எனக்கு என்னையே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்குச் சிரிக்கப் பழக்கினது நான். செல்லத்துரை அண்ணையிடம் நேற்றே சொல்லிவிட்டேன்: "பிள்ளை பகிடி விடமாட்டான் அண்ணை. அவன் வீட்டுக்காரன்."  அவர், "ஓம் தம்பி, நான்தான் குடையும் பிடிச்சன்" என்றார். அந்த மனிசன் இனி உன்னைக் கேட்கமாட்டார்.

ஆகவே மகனே, இது அரச கட்டளை. திவசத்தன்று டப்பை நான் உள்ளே, அம்மாவின் படத்துக்கு முன்னால், கதிரையில் வைப்பேன். கையில் ஏந்தி வாசலுக்குக் கொண்டு வரமாட்டேன். ஒருவரும் உன்னை எட்டிப் பார்க்க வரமாட்டார்கள். சின்னம்மா கதவடியில் நிற்பாள், அவளைத் தாண்டி ஒரு எறும்பும் வராது. அந்தத் தடித்த உடுப்பைக் கழற்றிவிட்டு இரு. அன்றைக்கு வேலைக்குப் போகாதே. நீ ஒன்றும் கதைக்க வேண்டாம். "அம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால் அதுவும் வேண்டாம். அழுதால் படம் உறையாது, உறைந்தாலும் உதறமாட்டோம். நானும் செல்லத்துரை அண்ணையும் வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருப்போம். உனக்குக் கேட்கும். உன் வீட்டு வாசல் வெறுமையாக இருக்காது.

நீ அழுது முடித்த பிறகு நான் உள்ளே வந்து பக்கத்தில் இருப்பேன். அந்தத் தேரையைப் பற்றி எனக்கு வந்த பகிடி இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. அன்றைக்குக் கேட்க ஆள் இல்லாமல் போச்சு. அதை உனக்குச் சொல்கிறேன்.

வாசலில் இருக்கும்,
அப்பா